எல்லார்கிட்டயும் இருக்கும்மா

2024 மே மாதம். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு விடுமுறையில் வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு போன் வேண்டும். “எல்லார்கிட்டயும் இருக்கும்மா” என்பதை அந்த ஒரு மாதத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். தோசைக்கு நடுவில் ஒரு தடவை, தலை பின்னும்போது ஒரு தடவை, லைட்டை அணைத்த பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு தடவை. அழுது அடம்பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். அடம்பிடிக்கிற பிள்ளைக்கு முடியாது என்று சொல்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எங்கம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இவளோ வெளியே மழை பெய்கிறது என்பதுபோல ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

ஒரு நாள் மதியம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். “எல்லாரும்னா யாரு கண்ணு? பேரு சொல்லு பார்ப்போம்.”

விரல் விட்டு எண்ணினாள். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருமே வேன் பிள்ளைகள்.

நாங்கள் இருப்பது கோவையில், கணபதி பக்கம். இங்கிருந்து பள்ளிக்கு முக்கால் மணி நேரம். ஒன்பது வீடுகளிலிருந்து பதினோரு பிள்ளைகள் ஒரே வேனில் போய் வருகிறார்கள் (அந்த வேனில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்). வகுப்பில் நாற்பது பேர் இருந்தாலும் என் மகளுக்கு ஊர், உலகம், சமுதாயம் எல்லாம் அந்த வேன்தான். யார் என்ன பை வைத்திருக்கிறார்கள், யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

அன்று ராத்திரி ஏழு வீட்டுக்கும் போன் போட்டேன். நம்பர் எல்லாம் ஏற்கெனவே இருந்தது, ‘இன்னிக்கு வேன் பத்து நிமிஷம் லேட்’ என்று செய்தி வருகிற வாட்ஸாப் குரூப்பில். கேட்டுப் பார்த்ததில் சொந்தமாகப் போன் வைத்திருந்தது மூன்று பேர். ஒருவனிடம் இருந்தது அவன் அம்மாவின் பழைய போன், சிம் கிடையாது, பேட்டரி உப்பி பின்பக்க மூடி பாதி திறந்தே இருக்குமாம். இன்னொரு பிள்ளைக்குக் கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது, அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு மட்டும்தான் புதுசாக வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த மூன்றாவது அம்மாவிடம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்து பயந்துதான், ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

“வேன்ல எல்லா பிள்ளைங்களும் வெச்சிருக்குதுன்னு சொன்னான். இவன் ஒருத்தன் மட்டும் ஏங்கிப் போயிருவானேன்னு வாங்கிக் குடுத்துட்டனுங்க.”

“யாரு யாருன்னு சொன்னான்?”

கொஞ்சம் தயங்கினார். “உங்க பாப்பாகிட்டகூட இருக்குதுன்னு சொன்னானே.”

எனக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. அவரும் சிரித்தார், ஆனால் அவர் சிரிப்பில் பதினாலாயிரம் ரூபாய் கடுப்பு இருந்தது.

பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேனில் ஒரு போன் வெளியே வந்தால் பதினோரு தலை அதன்மேல் கவிழும். பத்து நாள் அப்படிப் போனால் எல்லாரிடமும் இருப்பதாகத்தான் தோன்றும். என்னைச் சுட்டது எங்கள் விஷயம். ஒன்பது வீட்டிலும் ஒன்பது அம்மா அப்பாக்கள் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு, மற்ற எட்டு வீட்டிலும் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். தினமும் காலையில் வேன் நிற்கிற முக்கில் பத்து நிமிஷம் சேர்ந்து நிற்கிறோம். கேஸ் விலை பேசுகிறோம், வேலைக்காரம்மா வராததைப் பேசுகிறோம். இதைப் பேசியதே இல்லை. ஏனென்றால் இது நம் வீட்டுத் தோல்வி, அடுத்தவரிடம் சொன்னால் கேவலம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கூச்சம்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்த மாதிரிதான் இது. பஸ்ஸில் எல்லாருக்கும் இடம் இருக்கும். ஆனால் பக்கத்தில் ஒருவர் துண்டை எடுத்தால் நம் கையும் தானாகத் தோளுக்குப் போகும்.

சிகாகோ பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் லியோனார்டோ பர்ஸ்டினும் அவரோடு சேர்ந்தவர்களும் 2023-இல் இதை ரூபாய் அணாவாகவே, அதாவது டாலரில், கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், டிக்டாக் கணக்கை ஒரு மாதம் மூடிவைக்க எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் இருக்கும்போது நான் மட்டும் விலக வேண்டுமென்றால் சராசரியாக 59 டாலர் கொடுங்கள் என்றார்கள். சரி, உன்னோடு சேர்த்து உன் கல்லூரியில் எல்லாருமே விலகினால்? அப்போது கதை தலைகீழ். அப்படி நடக்குமென்றால் நாங்களே 28 டாலர் கையிலிருந்து தருகிறோம் என்றார்கள். ஒருவரும் இல்லாத கடையில் எனக்கும் ஒன்றும் வேண்டாம், கூட்டம் நிற்கிற கடையில் மட்டும் நான் நின்றாக வேண்டும். இதைப் படித்தபோது அந்தப் பதினாலாயிரம் ரூபாய் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்கள் பிள்ளைகளின் கதையில் கொரோனாவை விட்டுவிட முடியாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. என் மகள் இரண்டாம் வகுப்பு முழுவதையும் என் போனுக்குள்தான் படித்தாள். மிஸ்ஸின் முகம், பாடம், வருகைப்பதிவு, கைதட்டு எல்லாம் அந்த ஆறு அங்குலத்துக்குள். போன் என்றால் பள்ளிக்கூடம் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆறு வயசுப் பிள்ளையின் கையில் நாமே திணித்துவிட்டு, பத்து வயதில் அதைத் தொடாதே என்றால் அதற்கு என்ன புரியும்? பள்ளி திறந்த பிறகாவது போன் வெளியே போனதா என்றால் அதுவும் இல்லை. வீட்டுப்பாடம் வாட்ஸாப்பிலேயே தங்கிவிட்டது. ‘மிஸ் என்ன அனுப்பியிருக்காங்கன்னு பார்க்கறேம்மா’ என்று ஏழு மணிக்குக் கைக்குப் போகிற போன் திரும்பி வர எட்டரை ஆகும்.

கிராமம் நகரம் என்ற வித்தியாசமும் இதில் பெரிதாக இல்லை. நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் எடுக்கிற ஏசர் கணக்கெடுப்பு, 2024-இல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டது. கிட்டத்தட்ட 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் முந்தின வாரத்தில் படிப்புக்காகத் தொட்டிருந்தார்கள், 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்காக. படிப்புக்குத்தானே என்று நாம் வாங்கிக் கொடுக்கிற போனின் நேர்மையான கணக்கு இது.

சரி, வேறு ஊரில் யாராவது இதைச் சேர்ந்து செய்திருக்கிறார்களா என்று தேடினேன் (ராத்திரி பதினொன்றரைக்கு, போனில்தான், சிரிக்காதீர்கள்). அயர்லாந்தில் கிரேஸ்டோன்ஸ் என்று கடலோரத்துச் சின்ன ஊர். 2023-இல் அங்கே எட்டு ஆரம்பப் பள்ளிகளின் பெற்றோர்கள் சேர்ந்து, பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதில்லை என்று தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். சட்டம் கிடையாது, அபராதம் கிடையாது. அமெரிக்காவில் டெக்சாஸ் அம்மா ஒருவர் 2017-இல் தொடங்கிய இயக்கம் ஒன்று இருக்கிறது, எட்டாம் வகுப்புவரை பொறுப்போம் என்று. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் பத்துக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டால்தான் உறுதிமொழி உயிர் பெறும். அதுவரை நீங்கள் தனியாள், உங்களைக் கட்டாது. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் இரண்டு அம்மாக்கள் ஒரு வாட்ஸாப் குரூப்பில் தொடங்கியது சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது. போனைத் தள்ளிப்போட எல்லாரும் போனில்தான் கூட வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இவை எல்லாவற்றையும்விட மனசுக்கு நெருக்கமாக இருந்தது மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ். மூவாயிரம் பேர் வசிக்கிற ஊர். 2022 சுதந்திர தினத்திலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதுகிறது, அதாவது சைரன். டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். எட்டரைக்கு இன்னொரு தடவை ஊதும், அப்புறம் உங்கள் பாடு. ஆரம்பத்தில் ஆஷா என்கிற கிராமச் சுகாதாரப் பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பழக்கினார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பெரியவர்களுக்கும் அதே சைரன் என்பதுதான் அதில் விஷயம்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் ஒன்பது வீட்டாரையும் கூப்பிட்டேன். கொண்டைக்கடலைச் சுண்டலும் காப்பியும். பிள்ளைகள் கீழே. ஏழு வீட்டிலிருந்து வந்தார்கள், இரண்டு வீட்டார் அப்புறம் சேர்ந்துகொண்டார்கள்.

எல்லாரும் தலையாட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் கால் மணி நேரம் அப்படித்தான் போனது. அப்புறம் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் ஆரம்பித்தார். “தடுக்கத் தடுக்கத்தானுங்க ஆசை அதிகமாகும். நாளைக்கு இதுங்க பொழப்பே இதுலதான. இப்பவே பழகட்டும்.” நியாயமான பேச்சுதான். ஆனால் அவரே, தன் வீட்டில் லேப்டாப் ஹாலில்தான் இருக்கும் என்றும், இரண்டு வருஷமாகப் போன் கேட்கிற மகனுக்கு இன்னும் தரவில்லை என்றும் சொன்னார். பின்னே என்ன தடுக்கத் தடுக்க என்று அவர் மனைவி கேட்டதற்குப் பதில் இல்லை.

நிஜமான பேச்சு அதற்குப் பிறகு வந்தது. ஒரு அம்மா, நர்ஸ். கணவர் கிடையாது, மகனும் அவரும் மட்டும். மதிய ஷிப்ட் என்றால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்கு வருவார். மகன் நாலேமுக்காலுக்கு வேனில் இறங்கி, சாவி எடுத்து, தானே கதவைத் திறந்து உள்ளே போகிறவன். கொரோனா சமயத்துப் போன் அவன் கையில் இருந்ததுதான். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“உங்க வீட்லயெல்லாம் ஆளு இருக்காங்க. எங்க வீட்ல போன்தாங்க ஆளு.”

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அயர்லாந்து, டெக்சாஸ் என்று அரைமணி நேரம் அளந்துகொண்டிருந்தேன். எதிர் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு பையன் தினமும் தனியாக இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், அதை இந்த விஷயத்தோடு சேர்த்து நினைத்ததே இல்லை.

அன்றைக்குப் பேசி முடித்ததை ஒரு மாத காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எந்த வயதுவரை என்பதில்தான் சந்தைக்கடை பேரம் நடந்தது. ஐடிக்காரர் ஏழாவது முடியும்வரை என்றார், நான் பத்தாவது என்றேன், ஒன்பதாவது முடியும்வரை என்று சமாதானம் ஆகப் போகிற நேரத்தில் அதே நர்ஸ் அம்மா, “அப்ப பத்தாவது வருஷம் கையில போன் குடுப்பீங்களா? பப்ளிக் எக்ஸாம் என்னாகறது?” என்றார். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதற்குமேல் ஒரு வாதம் உண்டா? பத்தாவது பரீட்சை முடிகிற நாள்வரை என்று ஒரே நிமிஷத்தில் முடிவானது. இன்ஸ்டாகிராம் மாதிரியானவை பதினாறு வயசுக்கு அப்புறம். பேசுவதற்குப் பட்டன் போன் யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். யார் வீட்டுக்கு விளையாடப் போனாலும் அந்த வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குக் கிடையாது. ஊரிலிருந்து வருகிற மாமா, சித்தப்பா யாரும் பிறந்தநாள் பரிசாகப் போன் வாங்கி வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது அந்தந்த வீட்டுப் பொறுப்பு. தந்துவிட்ட மூன்று போன்கள்? பிடுங்கவில்லை. வீட்டுப் போனாக ஹாலுக்கு வந்தன, சார்ஜர் உட்பட.

அந்தப் பையன் மதிய ஷிப்ட் வாரங்களில் வேனிலிருந்து நேராக ஒரு வீட்டுக்குப் போவான் என்றும் எழுதினோம். செவ்வாயும் வியாழனும் எங்கள் வீடு. கத்தரிக்காய் தொடமாட்டான், ரசம் மட்டும் நாலு கரண்டி குடிப்பான், என் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று அவளைக் கத்துவான். தாளில் எழுதியதில் இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்தது இது ஒன்றுதான்.

லேண்ட்லைன் யோசனை மாடியில் வந்ததில்லை, தற்செயலாக வந்தது. ஃபைபர் இணைப்போடு ஒரு தொலைபேசி எண்ணும் சேர்ந்தே வருகிறது, வீட்டில் யாருக்கும் அந்த எண் என்ன என்றுகூடத் தெரியாது. பில்லைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் வயர் வைத்த போன் ஒன்று வாங்கி வந்து மோடத்தில் செருகினேன். இன்னும் மூன்று வீட்டில் அதே மாதிரி செய்தார்கள்.

மகளுக்கு முதல் அழைப்பு வந்த காட்சி இருக்கிறதே. மணி அடித்ததும் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எடு என்றேன். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள், அந்தப் பக்கத்திலிருந்து முகம் வரும் என்று காத்திருந்தாளோ என்னவோ. அவள் தோழியும் அந்தப் பக்கம் பேசாமல் நிற்கிறாள். இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹலோ சொல்லு, யாருன்னு கேளு, நீ யாருன்னு சொல்லு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டியிருந்தது. பேசி முடித்ததும், “சரி, வெச்சிரு” என்றேன்.

“எங்கம்மா வைக்கணும்?”

போனை வை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறோம். இவள் தலைமுறைக்குப் போனை ‘வைப்பது’ என்றால் என்னவென்றே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது நாலு வீட்டு எண்ணும் மனப்பாடம். வயரை விரலில் சுற்றிக்கொண்டு, தரையில் மல்லாக்கப் படுத்து, காலைச் சுவரில் தூக்கிப் போட்டுப் பேசுகிறாள். அதைச் சொல்லித் தந்தது நான் இல்லை.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாங்லியைப் பார்த்து நாங்களும் ஏழு முதல் எட்டரை வரை ஒன்பது வீட்டிலும் போனை அணைப்பதாகச் சொன்னோம். பதினோரு நாள் தாங்கியது. வீட்டுப்பாடம் வாட்ஸாப்பில் வருவதே ஏழு மணிக்குத்தானே. இதைப் பற்றி அதற்கு முந்தின வருஷமே பள்ளியில் போய்க் கேட்டிருந்தேன். “மத்த பேரண்ட்ஸ் யாரும் சொல்லலைங்களே மேடம்” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை ஒன்பது வீட்டுக் கையெழுத்தோடு மூன்று பேர் போனோம். டைரியில் எழுதி அனுப்புங்கள், போதும் என்றோம். இரண்டு வாரத்தில் ஆறு முதல் எட்டு வகுப்பு வரைக்கும் டைரி திரும்பி வந்தது. ஒரு ஆசிரியை என்னிடம் தனியாக, எனக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு ‘மிஸ், படம் தெளிவா இல்ல’ என்று செய்தி வருவது நின்றது என்றார்.

பெரியவர்களைத் திருத்துவது அதைவிடக் கஷ்டம். பொங்கலுக்குக் கோபிக்கு என் அம்மா வீட்டுக்குப் போனால், அப்பிச்சி மடியில் பேத்தி, பேத்தி மடியில் அப்பிச்சியின் போன். எழுபத்து நாலு வயதில் அவர் பார்க்கிற ரீல்ஸ் எண்ணிக்கைக்கு முதலில் அவரைத்தான் மாடிக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். என்னப்பா இது என்றால், “மூணு நாளைக்குத்தான வருது, போகுது உடு” என்பார். நானும் யோக்கியமில்லை. போன வருஷம் மாமனாரை ஐசியுவில் சேர்த்திருந்தபோது, வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் மகள் கையில் என் போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாளில் எழுதிய கை இதே கைதான்.

ஒரு வீடு வெளியே போனது. மகன் ஒன்பதாவது, மாநில அளவில் விளையாடப் போகிறான், ஊர் ஊராகப் போக வேண்டும், பயிற்சியாளர் எல்லாவற்றையும் வாட்ஸாப்பில்தான் சொல்கிறார். வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மறைக்கவில்லை. அந்த அப்பா எட்டு வீட்டுக்கும் தானே போன் செய்து சொன்னார். ஓரிருவருக்குக் கோபம்தான், இவர் ஆரம்பித்தால் வரிசையாக எல்லாரும் கேட்பார்கள் என்று. அவர் மறைத்திருந்தால்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேனில் என்ன செய்வது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, வேன் ஓட்டுகிற அண்ணன் பேசாமல் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கியருக்குப் பக்கத்தில் வைத்தார். ஏறும்போது அதில் போட வேண்டும், இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் யாரும் சொல்லவில்லை. “எனக்கு ரோட்டைப் பாக்கறதா, பின்னாடி சண்டைய பாக்கறதாங்க?” என்றார்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். பதின்மூன்று வயது என்று எல்லா ஆப்களிலும் போட்டிருக்கிறதே, அது பிள்ளையின் மனசு பக்குவப்படுகிற வயது என்று யாரோ மருத்துவர்கள் சொன்னதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1998-இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டம், பதின்மூன்றுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது என்றது. கம்பெனிகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட மூன்று வினாடி போதும். நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுவரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுசாக நடைமுறைக்கு வர ஒன்றரை வருஷ அவகாசம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றுவிட்டது. அங்கே மாட்டினால் கம்பெனிக்குத்தான் அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. நாங்கள் மாடியில் குத்துமதிப்பாக எழுதிய பதினாறும் அதுவும் ஒன்றாக இருந்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஆனால் சட்டம் வருகிற வேகத்துக்கு என் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

மதிப்பெண் கூடியதா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இல்லை. முன்பு வாங்கியதைத்தான் வாங்குகிறாள். வேனில் சத்தம் கூடியிருக்கிறது, அந்தாக்ஷரி, புக் கிரிக்கெட், அடிதடி. சாயங்காலம் தெருவில் சைக்கிள்கள் நிற்கின்றன. ‘போரடிக்குதும்மா’ ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வருகிறது.

இழப்பே இல்லை என்று சொன்னால் பொய். போன அக்டோபரில் அவள் வகுப்பில் ஒரு பிறந்தநாள் விழா. வேனில் வராத பிள்ளைகள் ஆறேழு பேர் இன்ஸ்டாவில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள், எல்லாம் அதிலேயே பேசி முடிவானது. இவளை வேண்டாம் என்று யாரும் ஒதுக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை அழுதாள். “எல்லார்கிட்டயும் இருக்கும்மா” என்று சொல்லவில்லை. “யாருக்கும் ஞாபகமே வரலம்மா” என்றாள்.

அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து போன் விலை பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன், கூடையில்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம் பதினொரு மணிக்கு நர்ஸ் அம்மாவுக்கு அடித்தேன், ஷிப்ட் முடிந்து வந்து விழித்திருப்பார் என்று தெரியும். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “நாளைக்குச் செவ்வாய்தான, பையன் உங்க வீட்டுக்குத்தான வருவான். பாப்பாவுக்குப் புடிச்ச முட்டை போண்டா குடுத்துவிடறேன்” என்றார். மறுநாள் டப்பா வந்தது. இரண்டு பேரும் லேண்ட்லைனில் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார்கள், ஆறு பிள்ளைகள் மாடியில் போண்டா தின்றார்கள். காயம் அதோடு ஆறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கூடையிலிருந்த போனை நான் எடுத்துவிட்டேன்.

வேனிலேயே மூத்தவள் இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதுகிறாள். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் கடைக்குப் போவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார், எந்தப் போன் என்று பதினோரு பிள்ளைகளும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். ஜூனிலிருந்து அவள் இடம் காலி.

நேற்றுக் காலையில் மகளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வேன் அண்ணன் கண்ணாடியை இறக்கினார்.

“அக்கா, அடுத்த வருசம் புதுசா ரெண்டு பிள்ளைங்க ஏறுதுங்க, மூணாவது வீதியில இருந்து. அந்தத் தாளு மேட்டர நான் சொல்லட்டுங்களா, நீங்க சொல்றீங்களா?”